பள்ளிக் கடிதம் கேட்கும் வாசல்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டா மாவட்டங்களில் பொது நூலகம், அருங்காட்சியகம், பறவைகள் சரணாலயம், அரசு வேளாண் பண்ணை ஆகியவற்றின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும்,

"பள்ளி வேலை நாட்களில் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குத் தலைமையாசிரியர் கடிதம் இருந்தால் மட்டுமே அனுமதி." இதுவரை வாசலில் வாய்வார்த்தையாக இருந்த இந்த விதியை இப்போது அட்டையில் எழுதியே ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தாய்மார்களாகிய எங்களால் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியாது. எந்த இடத்து வாசல் என்று இங்கே எழுதவில்லை. வாசலில் நிற்கும் காவலர் மேல் எங்களுக்குக் குறையும் இல்லை. மேலே இருந்து வந்ததை அவர் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த மேலிடத்துக்குத்தான் இந்த மடல்.

தலைமையாசிரியர் கடிதம் எங்களிடம் இல்லை, இருக்கவும் முடியாது. எங்கள் பிள்ளைகளின் பெயர் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை. தெரிந்த பள்ளியில் சொல்லி ஒரு கடிதம் வாங்கி வந்துவிடுங்களேன் என்று வாசலிலேயே யோசனை சொல்கிறார்கள். பிள்ளையின் கண் முன்னால் ஒரு பொய்க் கடிதத்தை நீட்டிவிட்டு உள்ளே போய் எதைக் கற்றுக்கொடுப்பது?

சட்டம் பற்றியும் எங்களுக்குத் தெரியும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுவழிக் கல்வியைப் பற்றி அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. இதை வைத்து இரண்டு பக்கமும் வாதிட இடமிருக்கிறது. அந்த வாதத்துக்கு நீதிமன்றமும் கல்வித் துறையும் இருக்கின்றன. நூலகத்தின் வாசற்படி அதற்கான இடமில்லை. எங்கள் பிள்ளைகள் தேர்வுக்கு அஞ்சி ஒதுங்கியவர்களும் இல்லை. 12½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துகொள்ளலாம். நடுவில் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால், அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர வழி செய்கிறது. வழிகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. மூடியிருப்பது உங்கள் வாசல் மட்டும்தான்.

கடிதம் இல்லை என்றதும் அடுத்து வரும் பதில், "லீவுல கூட்டிட்டு வாங்க" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைச் சொல்லும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. பள்ளியின் ஆண்டு ஒரு பக்கம் ஓடுகிறது, காவிரியின் ஆண்டு இன்னொரு பக்கம் ஓடுகிறது. கோடை விடுமுறை மே மாதம். அப்போது ஆற்றில் மணல்தான் இருக்கும், வாய்க்காலில் தூர்வாரும் இயந்திரம் நிற்கும். மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடும்போது பள்ளிகள் திறந்து வகுப்புகள் தொடங்கியிருக்கும். குறுவை நடவு, சம்பா நாற்றங்கால், சம்பா நடவு, தாளடி எல்லாம் பள்ளி நடக்கும் மாதங்களில்தான். வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் பறவைகள் நிறைந்திருப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. இந்த இரண்டு ஏரிகளும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்தது. மே மாதம் போனால் குழந்தை பார்ப்பது தகவல் பலகையைத்தான். அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்றால், அந்தச் சில நாட்களில் ஊரே அங்கே நிற்கிறது. பேருந்தில் இருந்து இறங்கும் சத்தத்திலேயே கரையோரம் இருக்கும் வாத்துகள் நடு ஏரிக்குப் போய்விடும்.

வேலை நாளின் காலை எங்களுக்கு ஏன் வேண்டும் என்பதை இன்னும் விளக்கமாகவே எழுதுகிறோம். "சும்மா சுத்திப் பாக்க வந்திருக்காங்க" என்ற எண்ணத்தில் இருந்துதான் அந்த அட்டை பிறந்திருக்கிறது.

தண்ணீர்க் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரின் நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு மூன்றும் நாளிதழில் வருகின்றன. 10 வயதுப் பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் டெல்டாவில் இல்லை. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வரத்து 15,000 கன அடி, வெளியேற்றம் 12,000 கன அடி என்றால் விநாடிக்கு 3,000 கன அடி அணையில் நிற்கிறது. ஒரு நாளில் 25.92 கோடி கன அடி. நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. என்பதால், இது கால் டி.எம்.சி.க்குச் சற்று மேல். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதால், இதே வேகத்தில் எத்தனை நாளில் எவ்வளவு ஏறும் என்று பிள்ளையே போட்டுவிடும். மறுநாள் நாளிதழைப் பார்த்தால் கணக்கு சரியாக ஒத்துவராது. வரத்து நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை, வெயிலில் ஆவியாவதும் உண்டு. ஏன் ஒத்துவரவில்லை என்று தேடும் இடத்தில்தான் படிப்பே தொடங்குகிறது.

ஆனால் விநாடிக்கு ஒரு கன அடித் தண்ணீர் என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்க்காமல் இந்தக் கணக்கு வெறும் எண்தான். அதற்குப் பாசன வாய்க்காலுக்குப் போக வேண்டும். முழங்கால் ஆழத்துக்கு மேல் இல்லாத, கரை சரியாத, நேராக ஓடும் வாய்க்காலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கரையில் டேப் பிடித்து 10 மீட்டருக்கு இரண்டு குச்சிகள் நட வேண்டும். மேல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றைப் போட்டு, அது இரண்டு குச்சிகளையும் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். காய்ந்த இலையைப் போட்டால் காற்று தள்ளிவிடும், வேகம் தப்பாக வரும். மட்டை பாதி முழுகி மிதப்பதால் தண்ணீரோடு போகும். மூன்று நான்கு முறை விட்டுச் சராசரி எடுத்து, அதை 0.85-ஆல் பெருக்க வேண்டும்; அடியிலும் ஓரத்திலும் உராய்வினால் தண்ணீர் மெதுவாகப் போகிறது, மேல்மட்ட வேகம் மட்டும் கூடுதலாகத் தெரியும். அகலத்தையும் சராசரி ஆழத்தையும் இந்த வேகத்தோடு பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். ஒரு கன மீட்டர் சுமார் 35.3 கன அடி. இதை ஒரு தடவை செய்த பிள்ளைக்குக் கல்லணையில் நின்று மதகுகளைப் பார்க்கும்போது எதைப் பார்க்கிறோம் என்று தெரியும். முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் இன்றைக்கு இருக்கும் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை அந்த வாய்க்காலில் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் ஞாயிறு வரை காத்திருக்க முடிவதில்லை.

வயலிலும் இப்படித்தான். பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி நடவு வயலில் வைத்து எண்ணினால், 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட செம்மை நெல் வயலில் 16 குத்து இருக்கும். சாதாரண நடவில் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒவ்வொரு குத்திலும் கிளைக்கும் தூர் குறையும். நட்ட மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் அதே இடத்தில் எண்ண வேண்டும். வாரக் கணக்கு பயிருடையது, விடுமுறைக்காக அது நிற்காது. 1922-இல் ஆடுதுறையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், ஏடிடீ நெல் ரகங்கள், சி.ஆர். 1009 நெல் போன்றவற்றின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். குறுவைக்குக் குறுகிய காலப் பயிர் ஏன், சம்பாவுக்கு நீண்ட காலப் பயிர் ஏன் என்பதும் தெரியும். அரசுப் பண்ணைகளில் இரண்டு ரகங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பார்க்கலாம் என்பதால் அங்கே வர ஆசைப்படுகிறார்கள். கடிதம் இல்லையென்றால் வெளியில் நின்று கம்பி வேலி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

சுவாமிமலையின் சிலைப் பட்டறைகளில் ஒரு தென்னை ஓலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்துத் தாள அளவு, அதாவது சிலையின் உறுப்புகளுக்கான அளவு எடுப்பார்கள். ஸ்கேல் இல்லாமலேயே முகம், மார்பு, தொடை எல்லாம் அந்த மடிப்புக்குள் வந்துவிடும். பின்னம் என்பதைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பட்டறையில் வேலை நடப்பதும் வேலை நாட்களில்தான்.

வாசலில் திருப்பி அனுப்பினால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இன்னொரு நாள் வாங்க" என்பது உங்களுக்கு ஒரு வார்த்தை, எங்களுக்கு ஒரு நாள். டெல்டாவில் மார்ச் முதல் ஜூலை வரை பிள்ளைகளோடு வெளியில் போனால் காலை பத்தரைக்குள் வெயிலை விட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும். அப்படியென்றால் ஆறரை மணிக்கு ஊரில் இருந்து கிளம்பும் நகரப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும். மதியத்துக்குக் கட்டும் தயிர்சாதத்தைத் தயிரில் பிசைந்தால் பதினோரு மணிக்கே புளித்துவிடும்; குழைந்த சோற்றை ஆறவைத்துப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட வேண்டும், சாப்பிடும் நேரத்துக்கு உறைந்து பதமாக இருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குடை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், மாற்றுத் துணி. கைக்குழந்தை இருந்தால் தூளி கட்ட ஒரு பழைய புடவை. மாலை மூன்றரைக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் பேருந்தில் ஏறிவிடும் என்பதால் அதற்கு முன் திரும்ப வேண்டும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை, 12 வயது வரை பையன்களுக்கு அரை டிக்கெட். இதனால்தான் இந்தப் பயணங்கள் எங்களுக்குக் கட்டுப்படியாகின்றன. அரசுக்கு அதற்காக நன்றி உண்டு. ஆனால் இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின் வாசலில் திரும்பினால், அடுத்த பேருந்து வரும் வரை பிள்ளைகளோடு நிழல் தேடி நிற்க வேண்டியதுதான். கழிவறை உள்ளேதான் இருக்கிறது. அதற்குப் போகவும் கடிதம் வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தரப்பு கவலை எங்களுக்குப் புரியாமல் இல்லை. பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆற்றுக்கும் ஏரிக்கும் போகும் பிள்ளைகள் உண்டு. மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்திருப்பது மேலே தெரியாது; ஆழம் தெரியாமல் இறங்கி உயிர் போன செய்தி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. படிப்பை விட்டு வேலைக்கு அனுப்பப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பும் அரசுக்கு இருக்கிறது. தனியாக வரும் குழந்தையைத் தடுத்து விசாரியுங்கள்; அதை நாங்களும் வரவேற்கிறோம். ஆனால் தாய் கையைப் பிடித்துக்கொண்டு நோட்டும் டேப்புமாக வரும் குழந்தையையும் அதே கேள்வி தடுக்கிறது. எங்களை மட்டுமா? திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில் அந்த மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டால், தஞ்சாவூர் மாவட்டத்தில் அன்று பள்ளி நடக்கும். விடுமுறை விட்ட பிள்ளையை மாமா வீட்டுக்குக் கூட்டி வந்து அருங்காட்சியகம் காட்ட நினைக்கும் குடும்பமும் இதே வாசலில் நிற்கும். செங்கல் சூளைக்கும் வாத்து மேய்க்கவும் வந்து ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் கடிதத்துக்கு யாரிடம் போவார்கள்? நூலகத்துக்குள் காலடி வைக்க வேண்டியவர்களில் அவர்கள்தான் முதல் வரிசை.

அரசே வேறு இடங்களில் இதை எளிதாகத் தீர்த்து வைத்திருக்கிறது. பேருந்தில் அரை டிக்கெட் கொடுக்க நடத்துநர் கேட்பது வயதை. இந்தியத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் வயதுதான் கணக்கு. தனித்தேர்வர் விண்ணப்பத்திலும் முதலில் பார்ப்பது வயது. வயதைக் கேட்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. பள்ளியைக் கேட்கும் இடத்தில் மட்டும்தான் வருகிறது. நூலக வரி சொத்துவரியோடு சேர்த்து எல்லா வீட்டிலும் வாங்கப்படுகிறது, பிள்ளை எந்தப் பள்ளி என்று கேட்டு அதை வாங்குவதில்லை.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுகிறோம்.

பெற்றோரோடோ அவர்கள் எழுதிக் கொடுத்த பாதுகாவலரோடோ வரும் குழந்தையிடம் எந்த நாளிலும் பள்ளிக் கடிதம் கேட்கக் கூடாது என்று எழுத்தில் சுற்றறிக்கை வேண்டும். தேதியும் கையொப்பமும் உள்ள நகலை வாசலில் ஒட்டுங்கள். வாய்மொழி உத்தரவாகச் சொன்னால் காவலர் மாறும்போது விதியும் மாறிவிடும்.

கடிதத்துக்குப் பதிலாக ஒரு பதிவேடு வையுங்கள். பெரியவர் பெயர், கைபேசி எண், ஊர், குழந்தைகளின் பெயரும் வயதும், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையொப்பம். பல குடும்பங்கள் சேர்ந்து வந்தால் நான்கு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்று நீங்களே நிபந்தனை போடலாம், நீர்நிலை உள்ள இடங்களில் இரண்டுக்கு ஒருவர் என்றாலும் சம்மதம். வயதுக்குச் சான்று வேண்டுமானால் ஆதாரோடு பிறப்புச் சான்றிதழையும் ஏற்க வேண்டும். ஐந்து வயதில் புதுப்பிக்காத ஆதாரில் கைக்குழந்தைப் படம்தான் இருக்கும், அதைக் காட்டி முகம் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது.

விண்ணப்பங்களைத் திருத்த வேண்டும். போட்டிகள், கோடை முகாம்கள், நூலக உறுப்பினர் படிவம் என்று எதை எடுத்தாலும் பள்ளியின் பெயரும், சிலவற்றில் பள்ளிக்கான 11 இலக்க யுடைஸ் அடையாள எண்ணும் கட்டாயமாக இருக்கிறது. இணையப் படிவம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. "வீட்டுவழிக் கல்வி அல்லது தனித்தேர்வர்" என்று ஒரு தெரிவு சேர்த்தால் போதும். குழந்தைகள் உறுப்பினராகப் பெற்றோர் கையொப்பமே போதும் என்று எல்லாக் கிளை நூலகங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கான சலுகைக் கட்டணம் உள்ள இடங்களில் அதை வயதை வைத்தே கொடுக்க வேண்டும்.

அரசு வேளாண் பண்ணைகளில் மாதம் ஒரு வேலை நாள் காலையில், பத்துப் பதினைந்து பிள்ளைகள் உள்ள சிறு குழுக்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். பெற்றோர் ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நடவு, தூர் கட்டும் பருவம், கதிர் வரும் பருவம் ஆகிய மூன்று காலத்திலாவது இது வேண்டும். மருந்து அடித்த நாட்களை நீங்கள் சொன்னால் அந்த நாட்களில் வரமாட்டோம்.

கழிவறையும் குடிநீரும் வாசலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும். இதற்கு எந்தக் கடிதமும் எந்தப் பதிவேடும் கேட்கக் கூடாது.

இந்த மடலை மனுவாகவும் எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கிறோம். சம்பா நடவு தொடங்குவதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். மனுவோடு பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றையும் இணைக்கிறோம். கட்டங்களைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவில் பிள்ளைகளை வீட்டிலிருந்து படிக்க வைக்கும் தாய்மார்கள்